பிரேக்கில் தங்கிய காற்று

லிவர் திரும்பி வருவதற்கு முன்னால் ஒரு கணம் யோசித்தது.

நட்டண்ணன் முதலில் கவனித்தது அதைத்தான். பிரேக்கில் காற்று புகுந்த வண்டிகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போகும். விட்டால் சட்டென்று எகிறி வெளியே வரும். ஸ்பிரிங்கின் வேலை அது, அதற்கு யோசிக்கத் தெரியாது. இந்த லிவர் கைப்பிடியைத் தொடும் வரைக்கும் மெத்தென்று போனது. விரல்களை எடுத்த பிறகும் அங்கேயே கிடந்தது. பிறகு, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவனைப் போல மெல்ல வெளியே வந்தது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். காற்றை அமுக்குகிறபோது அது காற்று என்று விரலுக்குத் தெரியும். இது சதையை அமுக்குவது போல இருந்தது.

"என்னப்பா, டாக்டர் மாதிரி நாடி பாக்குறீங்க?" என்றாள் மகள்.

வண்டி அவளுடையது. சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் தெருமுனையிலிருந்தே ஹாரனை அடித்துக்கொண்டு வந்து பட்டறைக்குள் நிறுத்தினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு; விடிந்ததும் விடியாததுமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரைக்காரர்கள், பஸ் தாமதமானால் பஸ்ஸைத் திட்ட மாட்டார்கள், அவளைத்தான் திட்டுவார்கள். வண்டி வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போய்விட்டாள். கடைசியில் அவரிடம் மூச்சு விடாமல், கூட வேலை பார்ப்பவளின் அண்ணன் மூலமாக வேறு ஊரிலிருந்து இதை வாங்கிவிட்டாள். பழைய பைக். புதுசாக நீலப் பெயின்ட் அடித்திருந்தது.

மெக்கானிக் பெண் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்து ஊரே சிரிப்பதாகச் சொன்னாள். இனிமேல் சிரிக்கட்டும் பார்க்கலாம் என்றாள். முன் பிரேக் மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, அதெல்லாம் நட்டண்ணனுக்கு ஒரு வேலையா, இப்போதே முடித்துக் கொடுத்துவிட்டால் ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துவிட்டு, நாளைக் காலையிலிருந்து இதில்தான் வேலைக்கு என்றாள்.

அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், மகள்கூடக் கேலிக்கு. எந்த நட்டையும் முறுக்கி முடித்து, கை கழுவி, துடைத்து, வண்டிக்காரன் ஏறி உட்கார்ந்த பிறகும் அவனை இறங்கச் சொல்லிவிட்டு இன்னொரு தடவை முறுக்கிப் பார்ப்பார். பிறவிக் குணம் என்று தெருவில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது எந்தச் சாவுக்குப் பிறகு வந்த குணம் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

கேட்காமல் வாங்கியதற்கு இரண்டு வார்த்தை திட்டினார். வண்டி எங்கோ விழுந்து எழுந்திருக்கிறது, முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள், பார்க்காமல் வாங்கிவிட்டாய் என்றார். விழாத வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் முதலில் தனித்தனியாக விழுந்த துளிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இரைச்சலாயின. டியூப்லைட்டின் ஓரமாக ஒழுகும், ஷாக் அடிக்கும் என்று மழை நேரத்தில் அதைப் போடமாட்டார். கைவிளக்கை மட்டும் ஒயரோடு இழுத்து வந்து முன் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் வைத்தார். வெளிச்சம் கீழிருந்து மேலே அடித்தது. வண்டியின் ஹேண்டில் நிழலாகப் பெரிதாகிச் சுவரில் ஏறி நின்றது. ஆயில், கிரீஸ், நனைந்த தெருமண் எல்லாம் கலந்த பட்டறை வாடைக்குள் வேறு ஒரு வாடையும் இருந்தது. ஈரச் சிமெண்ட். பக்கத்தில் யாரும் வீடு கட்டவில்லை.

அவர் பலகையை இழுத்துப் போட்டு, சக்கரத்துக்கு இடது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் சேறு அப்பியிருந்தது. துணியால் துடைத்தார். காற்றை வெளியே எடுப்பதற்கென்று அதன் முதுகில் ஒரு நிப்பிள் இருக்கும். தூசி போகாமல் இருக்க அதற்கு ஒரு சின்ன ரப்பர் மூடி. இந்த வண்டியில் ரப்பர் மூடி இல்லை. பச்சை நிறத்தில் வேறு ஏதோ இருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டு போனார்.

பேனா மூடி. அதன் நுனியை மட்டும் ரம்பத்தால் அறுத்துச் செருகியிருந்தது. அறுத்த இடம் ஒரு பக்கம் கோணல்.

அந்தக் கோணல் அவருடைய கைவேலை. ரப்பர் மூடி தொலைந்து போனபோது அவரே இதே பலகையில் உட்கார்ந்து அறுத்தது.

கறுப்பு வண்டி அது, அப்போது. நீலப் பெயின்டுக்கு அடியில் இப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். அதை ஓட்டிக்கொண்டு போனவர் டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்காரர். போய்ச் சேர்ந்துவிட்டார். பாலத்து இறக்கத்தில், நின்றுகொண்டிருந்த லாரிக்கு அடியில்.

"என்னப்பா?" என்றாள் மகள்.

ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்று சொன்ன குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

இதை இப்படியே வெளியே தள்ளிவிட்டு, வேண்டாம், போ, திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்பாள். ஒரு கேள்விதான். அதற்கு ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலைச் சொன்ன பிறகு அவள் அவரைப் பார்க்கப் போகிற பார்வையைத் தாங்க அவரால் முடியாது. அதனால் அவர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். இந்தத் தடவை முறையாகச் செய்துவிடலாம் என்று நினைத்தார். அந்தத் தடவை செய்யாததையெல்லாம்.

பிரேக் ஆயில் போகிற பழைய ரப்பர் குழாயை, ஹோஸை, கழற்றினார். வளைத்துப் பார்த்தால் ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. இதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகும் என்று மகளுக்குக் காட்டினார். அலமாரியிலிருந்து புது ஹோஸை எடுத்து மாட்டினார். செப்பு வாஷர்கள் புதுசு. லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயில் கப்பைத் திறந்து, கருத்துப்போன பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சுத்தமாகத் துடைத்தார். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரையும் பார்த்தார், நன்றாக இருந்தது. ஒரு ஒழுகல் கிடையாது, ஒரு கசிவு கிடையாது. இனிமேல் காற்று வந்து சேர வழியே இல்லை. உள்ளே இருப்பதை வெளியே எடுத்தால் முடிந்தது.

அது இரண்டு பேர் செய்கிற வேலை. மகளை எழுந்து வரச் சொல்லி வண்டியின் வலது பக்கம் லிவருக்கு அருகில் நிற்க வைத்தார். ஆயில் டப்பாவை அவள் பக்கமே வைத்தார். அடி என்றால் லிவரை அடிக்க வேண்டும். புடி என்றால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது அவர் கீழே நிப்பிளைத் திறப்பார், குழாய் வழியாகக் காற்றும் ஆயிலும் பாட்டிலுக்குள் இறங்கும், அவர் மூடுவார். விடு என்று சொல்கிற வரைக்கும் பிடியை விடக் கூடாது. விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். கப்பில் ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

"ரத்தம் எடுக்கிற மாதிரிதான்" என்றாள். "குடுங்க, எனக்குத் தெரியாததா."

"அடி. அடி. புடி."

"புடிச்சாச்சு."

ஸ்பேனரைத் திருப்பினார். நிப்பிளில் மாட்டியிருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் ஆயில் பாய்ந்தது, நடுநடுவே குமிழிகளோடு. நல்லது. மூடினார். "விடு." மறுபடியும் அடி, புடி, விடு. குமிழிகள் வந்தன. சுவரில் ஹேண்டிலின் நிழலோடு அவள் கையின் நிழலும் ஏறி இறங்கியது. இப்படியே கொஞ்ச நேரம் போனால் குமிழி சிறுத்துச் சிறுத்துப் பொடியாகி, கடைசியில் வெறும் ஆயில் வரும். எந்த வண்டியிலும் அப்படித்தான்.

இதில் சிறுக்கவில்லை. ஒரே அளவில் வந்துகொண்டிருந்தன. குழாயின் வயிற்றை அடைத்துக்கொண்டு, உருண்டையாக, மெதுவாக. ஒரு குமிழி. ஒரு இடைவெளி. ஒரு குமிழி. அந்த இடைவெளியை எங்கேயோ பார்த்தது போல இருந்தது அவருக்கு. தூங்குகிறவரின் பக்கத்தில் படுத்திருக்கும்போது காதில் விழுகிற இடைவெளி அது. ஸ்பேனரை இறுக்கி மூடிய பிறகும் கடைசிக் குமிழி ஒன்று குழாயில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நின்றது.

நட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. திரும்பவும் பார்த்தார்.

மழை இன்னும் வலுத்தது. கூரை அதிர்ந்தது. மகள் ஏதோ சத்தமாகச் சொன்னாள், பாதிதான் கேட்டது. குனிந்து இந்தப் பக்கம் முகத்தை நீட்டிக் கேட்டாள்.

"எனக்கு வண்டின்னாலே ஏம்ப்பா வேணாங்கறீங்க? ஊர்ல இருக்கிற வண்டிய எல்லாம் ஓட்ட வைக்கிறீங்க. என்னை மட்டும் ஏறாதேங்கறீங்க. பயமா, வேற எதுவுமா? இன்னைக்காவது சொல்லுங்க."

அவர் நிப்பிளில் ஸ்பேனரை மாட்டினார். அடி என்றார். அவள் குனிந்தபடியே இன்னும் ஏதோ சொன்னாள், கூரை இரைச்சலில் காதில் விழவில்லை, அவர் சும்மா தலையை ஆட்டினார். பிறகு நிமிர்ந்து விளக்கு வட்டத்துக்கு வெளியே போனாள். மேலே கிர்ரிக் என்று லிவர் அழுந்தியது. குழாயில் குமிழி வந்தது. அவள் இப்போது புடிச்சாச்சு என்று சொல்வதில்லை என்பதை அவர் கவனித்தார். கோபம். அவளுடைய அம்மாவும் இப்படித்தான், கோபம் வந்தால் வாயைப் பூட்டிக்கொண்டு வேலையை மட்டும் செய்வாள்.

அடி. புடி. விடு. அடி. புடி. விடு. பாட்டில் பாதி நிறைந்திருந்தது. காற்று வந்துகொண்டேயிருந்தது. ஒரு சின்ன ஹோஸுக்குள் இவ்வளவு காற்று இருக்க முடியாது. ஒரு மனுஷனின் நெஞ்சுக்குள் வேண்டுமானால் இருக்கலாம்.

அந்த நினைப்பு வந்ததும் நட்டை இன்னொரு தடவை முறுக்கினார். தலையைத் தூக்காமல் வேலையைப் பார்த்தார். சிமெண்ட் வாடை கூடியிருந்தது. புதிதாகக் குழைத்த சிமெண்டின் பச்சை வாடை, நாக்கில் உப்புப் போல ஒட்டியது. மேலே மகள் இன்னும் கோபமாகத்தான் நிற்கிறாள் என்று நினைத்தார். அவள் கேட்ட கேள்வி அவர் பிடரியில் உட்கார்ந்திருந்தது.

முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் அவர் சாகிற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டார். சக்கரத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

"இந்த வண்டி இங்க வந்திருக்கு பாப்பா" என்றார். "முன்னாடியே வந்திருக்கு."

லிவர் அழுந்தியது. அவர் சொல்லாமலே.

நிப்பிளைத் திறந்தார், மூடினார், பேசினார். ஒரு வண்டி புரோக்கர் கொண்டு வந்து விட்ட வண்டி. முன் பிரேக் மெத்தென்று கிடந்தது, இதே மாதிரி. ஹோஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. புது ஹோஸ் கையில் இல்லை, வர நாளாகும். புரோக்கருக்கு அவசரம், மறுநாள் காலை ஆள் வாங்க வருகிறது, எப்படியாவது பண்ணிக் கொடு என்றான். எப்படியாவது என்பதற்குப் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. லிவரைக் கைப்பிடியோடு சேர்த்து இழுத்து, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி, ராத்திரி பூரா அப்படியே விட்டுவிடுவது. உள்ளே இருக்கிற காற்று மேலே ஏறிக் கப் வழியாக வெளியேறிவிடும். காலையில் கட்டை அவிழ்த்தால் லிவர் இறுகி நிற்கும். ஹோஸ் நன்றாக இருக்கிற வண்டிக்கு அதில் தப்பே இல்லை. வெடித்த ஹோஸுக்கு அது வெறும் வேஷம். கொஞ்ச நாளில் காற்று திரும்ப உள்ளே போய்விடும். எப்போது போகும், எந்த இறக்கத்தில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தெரிந்துதான் கட்டினார். அதைச் சொல்லும்போது ஸ்பேனர் வழுக்கியது.

காலையில் அந்த டைல்ஸ்காரர் வந்தார். நகக்கண்ணில் சிமெண்ட். லிவரை அழுத்திப் பார்த்துச் சிரித்தார். பொண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்துப் போகவேண்டும் அண்ணே, அவள் பயந்தாங்கொள்ளி, பிரேக் விஷயம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். புரோக்கரைக் கேட்கவில்லை. இவரைத்தான் கேட்டார்.

குழாயில் குமிழிகள் வேகமாக வர ஆரம்பித்தன. அடி என்று அவர் சொல்வதில்லை இப்போது. மேலே லிவர் தானாக அடித்தது. கிர்ரிக். கிர்ரிக். கிர்ரிக். ஓடி வந்தவனின் மூச்சு மாதிரி. பாவம், கேட்கக் கேட்கப் பதறுகிறாள் என்று நினைத்தார். நினைத்தபடியே மிச்சத்தையும் சொன்னார். போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, இன்ஜின் ஆயில் மட்டும்தான் மாற்றினேன், பிரேக்கைத் தொடவேயில்லை என்று சொன்னதை. பிணம் வந்த அன்று டைல்ஸ்காரர் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போய், அழுகைச் சத்தம் கேட்டதும் வந்த வழியே திரும்பியதை. வேகமாகப் போயிருப்பார் என்று டீ குடிக்கிற இடத்தில் எல்லோரும் சொன்னபோது, ஆமாம், வேகமாகத்தான் போயிருப்பார் என்று தானும் சேர்ந்து சொன்னதை.

"நம்பிப் போலாமாண்ணேன்னு கேட்டாரு பாப்பா." குழாயைப் பார்த்தபடியே சொன்னார். "கண்ண மூடிக்கிட்டுப் போலாம்னு நான்தான் சொன்னேன்."

குமிழிகள் நின்றன.

குழாயில் வெறும் ஆயில். தெளிவாக, ஒரு பொடிக் குமிழிகூட இல்லாமல். அவர் நிப்பிளை மூடினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார். பாரம் இறங்கியது போல இருந்தது. சொல்லியாயிற்று. அவள் கேட்டுவிட்டாள். திட்டட்டும், பேசாமல் இருக்கட்டும், எதுவானாலும் சரி. மேலே லிவர் அழுந்தியபடியே இருந்தது. அவர் இன்னும் விடு என்று சொல்லவில்லை.

மழை சட்டென்று குறைந்தது. இரைச்சல் ஓய்ந்த இடத்தில், வாசலில் செருப்பைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"தெருமுனை ஸ்பேர்ஸ் கடைக்காரர் ஷட்டரை இழுத்துக்கிட்டு இருந்தாருப்பா. ஓடிப் போய் வாங்கிட்டு வந்தேன்."

மகளின் குரல். வாசலிலிருந்து.

அவர் அசையவில்லை. கண் மட்டும் சுவருக்குப் போனது. ஹேண்டிலின் நிழல். லிவரின் நிழல். லிவரைச் சுற்றி வளைந்திருந்த நான்கு விரல்களின் நிழல். தடித்த விரல்கள். நகங்கள் பிய்ந்த விரல்கள். பொறுமையாக.

"மழை சத்தத்துல கேக்கலையோன்னு கிட்ட வந்து சொல்லிட்டுத்தானே போனேன்? டப்பா காலி, ஆயில் வாங்கிட்டு வரேன்னு. தலைய ஆட்டுனீங்களே."

அவள் சுவிட்சைப் போட்டாள். டியூப்லைட் இரண்டு தடவை துடித்து எரிந்தது. சுவர் வெறும் சுவரானது. மேலே ஒரு சின்னச் சத்தம். லிவர் வெளியே வந்து நின்றது.

அவர் எழுந்திருக்க முயன்றார். வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வண்டிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. தரையில் ஆயில் டப்பா கவிழ்ந்து கிடந்தது. சொட்டுக்கூட இல்லை. இவ்வளவு நேரம் ஊற்றாமல் அடித்ததற்குக் கப் காய்ந்து கிடக்க வேண்டும்.

கப் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது.

"நீங்களே ஊத்திட்டீங்களா? அப்ப நான் எதுக்கு நனைஞ்சு செத்தேன்" என்றபடி மகள் கப்பின் மூடியை வைத்துத் திருகினாள். அவர் அதற்கு முன்பே கப்புக்குள் ஒரு விரலை வைத்து எடுத்திருந்தார். ஆயிலின் பிசுபிசுப்பு இல்லை. தண்ணீர் போல இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்தார். சிமெண்ட்.

அவள் லிவரை அழுத்தினாள். முகம் மலர்ந்தது. இரும்பு மாதிரி நிற்கிறது, சும்மாவா சொல்கிறார்கள் உங்களை என்றாள். ஏறி உட்கார்ந்தாள். அப்படியே மெயின் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னாள். கழற்றும்போது சாவியை அவர்தான் எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருந்தார். அவள் கையை நீட்டினாள்.

"வேணாம்" என்றார்.

"ஏன்?"

மறுபடியும் அதே கேள்வி. சற்று முன்னால் அதற்கு முழுதாகப் பதில் சொல்லியிருந்தார், ஒரு சொல் விடாமல். கேட்க வேண்டியவள் கேட்கவில்லை. இப்போது திரும்பச் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்து. வெளிச்சத்தில். அவள் நனைந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, கண்ணில் சிரிப்போடு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் அவரை அப்படிப் பார்க்கிற ஒரே ஆள்.

வாய் திறந்தது.

"மழையா இருக்கே" என்றார்.

"மழை விட்டுருச்சுப்பா."

அவர் கை சட்டைப்பைக்குள் போனது. அந்தக் கையை அவர் தூரத்திலிருந்து பார்ப்பது போலப் பார்த்தார். அது சாவியை எடுத்தது. அவள் உள்ளங்கையில் வைத்தது. அவளுடைய விரல்கள் அதன்மேல் மூடின.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டி அவரைத் தாண்டி, வாசல்படியில் ஒரு குலுங்கு குலுங்கி, தெருவில் இறங்கியது. பட்டறையிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நேர் இறக்கம். வெளிச்சம் மங்கியிருந்தது. ஈரத் தார்ரோடு பளபளத்தது. கீழே, ரோட்டில், லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

அவர் வாசலுக்கு வந்தார். வண்டியின் பின்பக்கம் பிரேக் லைட் எரிந்துகொண்டிருந்தது. பளிச்சென்ற சிவப்பு. அழுத்திப் பார்க்கிறாள், நல்லதுதான் என்று நினைத்தார்.

தெருவின் குறுக்கே மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நனையாமல் இருக்க அவள் இரண்டு கால்களையும் பக்கவாட்டில் தூக்கி நீட்டினாள், சின்ன வயதில் சைக்கிளில் செய்கிற மாதிரி. வலது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து, திரும்பிப் பார்க்காமலே, அவரை நோக்கி ஆட்டினாள்.

கால் பிரேக்கில் இல்லை. கை பிரேக்கில் இல்லை.

லைட் எரிந்தது.

கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

ஓடினார். செருப்பு கழன்றது. வண்டி வேகம் எடுத்தது. அவள் கையை இறக்கி ஹேண்டிலைப் பிடித்தாள். முதுகு நிமிர்ந்தது. கால் மிதித்தது. கை அழுத்தியது. விட்டது. அழுத்தியது. விட்டது. அவளுடைய தோள் அசைவிலேயே அவருக்குத் தெரிந்தது. லாரியின் ஹாரன். இன்னொரு ஹாரன். அவள் விட விட லைட் அணைந்து அணைந்து எரிய வேண்டும். அணையவில்லை. ஒரு மினுக்கல்கூட இல்லாமல், யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது போல, அந்தச் சிவப்பு ஒரே சீராக எரிந்தபடி இறக்கத்தில் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.